உள்ளூர் உதவி மையம் தொடங்கி நடத்த: முழுமையான வழிகாட்டி

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நான்கு பேர் கூடிப் பேசினால், அடுத்த வாரமே பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஆவண எழுத்தர் கடையில் போய் நிற்கிறார்கள். பெயர், முத்திரை, லெட்டர்பேடு, திறப்பு விழா பேனர் எல்லாம் வந்துவிடுகின்றன. யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு மட்டும் கடைசிவரை வருவதில்லை. தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரிலோ நகரத்தின் ஒரு வார்டிலோ லாப நோக்கமற்ற உதவி மையம் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு மூன்றாவது படியில்தான் வரும்.

உதவி மையம் என்று நான் சொல்வது, சட்டமும் அரசுத் திட்டங்களும் ஏற்கெனவே கொடுக்க ஒப்புக்கொண்டதை மக்கள் பெறும்வரை கூடவே நிற்கும் அமைப்பை. அன்னதானம் செய்யவும் பிறந்தநாளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கவும் எல்லா ஊரிலும் ஆள் உண்டு. மனு கொடுத்து எட்டு மாதம் கழித்து "அது என்ன ஆயிற்று?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

படி 1: முதலில் தெருவை அறியுங்கள்

கணக்கெடுப்புப் படிவத்தோடு வீடு வீடாகப் போகாதீர்கள். அரசு ஆள் என்று நினைத்து, ஒன்று மறைப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் திண்ணை, அங்கன்வாடி வாசல், இ-சேவை மையம் ஆகிய இடங்களில் ஒரு மாதம் பேச்சுக் கொடுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் வீடு, வேலை என்ற பதில்தான் வரும், அவற்றை உங்களால் தர முடியாது. "கடைசியாக எந்த அலுவலகத்துக்கு அலைந்தீர்கள்? என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்?" என்று கேளுங்கள். பத்துப் பேரிடம் கேட்டாலே உங்கள் ஊரின் நோய் தெரிந்துவிடும். ஓரிடத்தில் முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கும், இன்னோரிடத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்காமல் இருக்கும், வேறோரிடத்தில் கட்டடத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதியாமலே இருப்பார்கள்.

ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதையே நீங்களும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் விடுபட்ட பெயர்களைச் சேர்த்துவிட்டால் போதும்.

ஒரே ஒரு தேவையில் ஊன்றி நின்றவர்கள்தான் இங்கே நிலைத்திருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியது ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமிகளுக்கும். சென்னையின் சினேகா 1986 முதல் தற்கொலைத் தடுப்பு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, தெருவில் திரிந்த மனநலம் குன்றிய பெண்களில் ஆரம்பித்தது. நீங்கள் அந்த அளவுக்கு வளர வேண்டும் என்று சொல்லவில்லை. நோக்கங்களை நாற்பதாக அடுக்காதீர்கள் என்கிறேன்.

படி 2: ஆட்கள்

கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர் என்ற அமைப்புகளை எல்லோரும் பார்த்திருப்போம். நன்கொடை கொடுப்பவரும் பார்த்திருப்பார். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், தாலுகா அலுவலகத்தின் உள்ளும் புறமும் அறிந்த ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியர் அல்லது ஆசிரியர் ஒருவர் கட்டாயம் வேண்டும். யாருக்காக மையம் நடத்துகிறீர்களோ அவர்களிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் நிர்வாகக் குழுவில் இருக்கட்டும். முதியோருக்கான மையத்தின் குழுவில் நாற்பது வயதைத் தாண்டியவரே இல்லை என்றால் அது வேடிக்கை. கட்சிப் பொறுப்பில் இருப்பவரைத் தலைவராக்குவதும் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஊரில் பாதிப் பேர் உங்கள் வாசல்படி ஏறமாட்டார்கள்.

படி 3: எந்த வடிவில் பதிவு செய்வது?

மூன்று வழிகள் உள்ளன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதியலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிவு நடக்கும். அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவின்கீழ் லாப நோக்கமற்ற நிறுவனமாகவும் பதியலாம்.

உள்ளூர் உதவி மையத்துக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் கருத்து. அறக்கட்டளையில் அறங்காவலர்கள் வைத்ததே சட்டம். பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் நீதிமன்றம் போகாமல் அவர்களை மாற்ற முடியாது. சங்கத்தில் உறுப்பினர்கள் பொதுக்குழுவில் கேள்வி கேட்கலாம், நிர்வாகிகளை வாக்களித்து இறக்கலாம். அது தொல்லைதான், ஆனால் ஊர்ப் பணத்தைக் கையாள்கிற இடத்தில் அந்தத் தொல்லை தேவை. 8-ஆம் பிரிவு நிறுவனம் பெரிய நிதியைக் கையாள்பவர்களுக்கு ஏற்றது. ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டிய படிவங்களுக்கே ஒரு கம்பெனிச் செயலரைத் தேட வேண்டியிருக்கும்.

துணைவிதிகளை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். ஆவண எழுத்தரிடம் தயாராக இருக்கும் நகலில் அனாதை இல்லம் முதல் ஆராய்ச்சி நிலையம் வரை எல்லாம் நோக்கமாக இருக்கும். பிறகு வருமான வரித் துறை "இந்த நோக்கத்தின்கீழ் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது விழிக்க நேரும். செயல்படும் பகுதி, உறுப்பினர் சேர்க்கை, தேர்தல், கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, வங்கியில் இருவர் கையெழுத்து, அமைப்பைக் கலைத்தால் சொத்து எங்கே போகும் என்பவை தெளிவாக இருக்கட்டும். அரசு ஆணையம் போலவோ மனித உரிமை ஆணையம் போலவோ ஒலிக்கும் பெயர் வைக்காதீர்கள். அப்படிப்பட்ட பெயரை நிராகரிப்பார்கள். நிராகரிக்காவிட்டாலும் மக்கள் உங்களைத் தவறாக எண்ணுவார்கள்.

படி 4: பான், வங்கி, வரி

பதிவுச் சான்று கையில் வந்ததும் அமைப்பின் பெயரில் பான் எண் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தனிநபர் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். செல்பேசியில் பணம் அனுப்பும் வசதியும் அமைப்பின் கணக்கோடுதான் இணைந்திருக்க வேண்டும். அடுத்து நிதி ஆயோக் நடத்தும் என்ஜிஓ தர்பன் தளத்தில் பதியுங்கள். அரசு நிதி கேட்கும் இடமெல்லாம் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

வருமான வரி விலக்குக்கு ஒரு பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க இன்னொரு பதிவு. இவற்றை எல்லோரும் 12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. பழைய எண்ணைச் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரியும். விண்ணப்பத்தில் மட்டும் கவனம் தேவை. புதிய அமைப்புக்கு முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். அது காலாவதி ஆவதற்கு முன் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறி வரி கட்டிய அமைப்புகள் உண்டு. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது அடிப்படை விதி.

படி 5: மேசை

மற்ற படிகளெல்லாம் இதற்காகத்தான். ஒரு மேசை, நான்கு நாற்காலி, குடிநீர், முதியவர்கள் ஏறக்கூடிய வாசல். மாடியில் இலவசமாக இடம் கிடைக்கிறது என்று போய்விடாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரம் ஞாயிறு காலையோ வார நாளின் மாலையோதான். எந்த நாளாக இருந்தாலும் அந்த நாளில், அந்த நேரத்தில் மையம் திறந்திருக்க வேண்டும். இரண்டு முறை பூட்டியிருந்தால் மூன்றாவது முறை யாரும் வரமாட்டார்கள்.

மேசையில் இருக்கவேண்டியது நீளவாக்கில் கோடு போட்ட ஒரு பெரிய பதிவேடு. வரிசை எண், தேதி, பெயர், தெரு, தொலைபேசி எண், அது யாருடைய தொலைபேசி, கோரிக்கை, பார்த்த ஆவணங்கள், மனு கொடுத்த அலுவலகம், ஒப்புகைச் சீட்டு எண், அடுத்துக் கேட்கவேண்டிய தேதி, முடிவு. "அது யாருடைய தொலைபேசி" என்ற கட்டம் வீண் என்று நினைக்க வேண்டாம். பல முதியவர்களின் ஆதார் எண்ணோடு இணைந்திருப்பது என்றோ விண்ணப்பித்துக் கொடுத்த கடைப் பையனின் எண். ஒருமுறைக் கடவுச்சொல் அவனுக்குப் போகும். பாட்டி இங்கே காத்திருப்பார். முதல் வேலையே அந்த எண்ணை மாற்றுவதாக இருக்கும்.

கணவரை இழந்த ஒருவர் உதவித்தொகை கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. கணவரின் இறப்புச் சான்றிதழைக் கேட்டால், "அவர் போய் இருபது வருஷம் ஆகிறது, அப்போது யாரும் பதியவில்லை" என்கிறார். பெரும்பாலான இடங்களில் கதை இங்கேயே முடிந்துவிடும். உங்கள் மையத்தில் இங்குதான் தொடங்க வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி இறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு தேவை. முதலில் கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடமும் நகரமானால் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவிலும் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். சில சமயம் பதிவு இருக்கும், குடும்பத்துக்குத்தான் தெரியாது. இல்லையென்றால் "பதிவு இல்லை" என்று சான்று வாங்கி, அதோடு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அடக்கம் நடந்ததை அறிந்தவர்களின் வாக்குமூலம், மருத்துவமனைச் சீட்டு, பழைய ரேஷன் அட்டையில் பெயர் நீக்கிய குறிப்பு என்று கிடைப்பதையெல்லாம் இணையுங்கள். உத்தரவு வந்து, இறப்பு பதிவாகி, சான்றிதழ் கிடைத்த பிறகுதான் உதவித்தொகை மனு. அதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பரிசீலிப்பார். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் நேரில் விசாரிப்பார்கள். விசாரணைக்கு வரும் நாளில் அந்த அம்மா வயல் வேலைக்குப் போயிருந்தால் "வீட்டில் இல்லை" என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். ரேஷன் அட்டையில் சம்பாதிக்கும் மகனின் பெயர் இருந்தால், அவன் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறானா என்ற கேள்வி வரும். அதற்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு முன்னெழுத்து என்றால் பணம் திரும்பிப் போகும்.

ஒரு மனுவுக்கு இவ்வளவு அலைச்சல் என்றால் எத்தனை பேருக்குத்தான் செய்ய முடியும் என்று கேட்பீர்கள். குறைவான பேருக்குத்தான். ஆண்டறிக்கையில் "ஆயிரம் பயனாளிகள்" என்று போட முடியாது. பரவாயில்லை.

மனு நகராவிட்டால் ஏறவேண்டிய படிகள் இவை. முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். நிலம் சம்பந்தப்பட்டதென்றால் கோடையில் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்கு ஆய்வு. ஊர்ப் பொதுக் கோரிக்கையென்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராம சபை. அதற்கும் மசியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்த எண்ணுள்ள மனுமீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார், அதன் நகல்" என்று கேளுங்கள். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது எளிது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. விண்ணப்பம் அமைப்பின் பெயரில் இருக்கக்கூடாது. அந்த உரிமை குடிமக்களுக்கானது என்பதால் மனுதாரரே கையெழுத்திடட்டும்.

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும் பெற்றோரும் வருவார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இவர்களுக்கானது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். முதியவரால் முடியாதபோது, அவர் அதிகாரமளித்த பதிவுபெற்ற தொண்டு அமைப்பே அவர் சார்பில் மனு கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் பதிவு செய்ததன் நேரடிப் பயன் இது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிய தானப் பத்திரத்தை 23-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் படித்துப் பாருங்கள். இனிமேல் எழுதிக் கொடுக்கப் போகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். பின்னால் ஓடுவதைவிட இது சுலபம்.

மருத்துவச் செலவோடு வருபவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை. நோய் வந்தபின் அட்டைக்கு அலையாமல், இருக்கிறவர்களிடம் அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வழக்கென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணைய மோசடிக்கு 1930. இந்த எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தலைவரின் படத்துக்கு அந்த இடம் வேண்டாம்.

படி 6: செய்யக்கூடாதவை

அசல் ஆவணத்தை ஓர் இரவுகூட மையத்தில் வைத்திருக்கக்கூடாது. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் வாங்கக்கூடாது, "நீயே எடுத்துக் கொடு தம்பி" என்று பாட்டியே சொன்னாலும். ஆதார் நகல் வேண்டுமென்றால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்டது போதும். வேலை முடிந்ததும் ஒரு கிலோ கத்தரிக்காயோடு வருவார்கள். அதை வாங்குவதா என்பதை குழு முன்பே முடிவு செய்திருக்கட்டும். என்னைக் கேட்டால், எல்லோர் முன்னாலும் பிரித்துக் கொடுத்துவிடலாம். பணமென்றால் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

உதவி பெறுபவரைப் புகைப்படம் எடுத்துப் போடுவதை அறவே விடுங்கள். அரிசிப் பையை ஒருவர் பிடித்திருக்க ஆறு பேர் சிரிக்கும் படத்தைப் பார்த்து அந்தத் தெருக்காரர் அடுத்த முறை வரமாட்டார்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கடுமையானது. ஆதரவற்ற குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் தெரிவித்தாக வேண்டும். நல்லெண்ணத்தில்கூட வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டம், 2012-இன்கீழ் குற்றம். "பேசித் தீர்த்துவைக்கலாம்" என்று பெரியவர்கள் வருவார்கள். கதவைச் சாத்துங்கள். தங்கும் இல்லம் நடத்த ஆசைப்பட்டால் அது வேறு உலகம்; சிறார் நீதிச் சட்டம், 2015-இன்கீழ்த் தனிப் பதிவு இல்லாமல் ஒரு குழந்தையைக்கூடத் தங்கவைக்க முடியாது.

படி 7: பணம்

இப்படிப்பட்ட மையத்துக்குப் பெரிய நிதி தேவையில்லை. வாடகை, மின்சாரம், நகல் செலவு, வில்லைகள், பஸ் கட்டணம், கணக்கருக்குச் சிறு சம்பளம். ஊர்க்காரர்கள் மாதம் நூறு இருநூறு என்று தரும் பணத்திலேயே நடத்துவது நல்லது. நூறு பேர் தரும் நூறு ரூபாய், ஒருவர் தரும் பத்தாயிரத்தைவிடச் சுதந்திரமானது. வரிசை எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். நன்கொடையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறச் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிய வேண்டும், மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். முதல் வருடத்திலேயே அதற்கு அலைவது நேர விரயம்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வருபவனாக இருந்தாலும், அவன் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்கீழ் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவுக் கணக்கும் கேட்பார்கள். பணம் அனுப்பும் முன்பே கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும்.

படி 8: ஆண்டுதோறும்

பொதுக்குழுக் கூட்டம், தணிக்கை, மாவட்டப் பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கு, வருமான வரித் தாக்கல், நன்கொடையாளர் விவர அறிக்கை. நிர்வாகிகள் மாறினால் அதையும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கங்களில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை "யார் உண்மையான செயலாளர்" என்பதில் போய் நிற்பது, இந்தத் தாளைத் தாக்கல் செய்யாததால்தான். கணக்கோடு பதிவேட்டையும் பொதுக்குழுவில் படியுங்கள். பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும்: எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை எந்த அலுவலகத்தில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது. முடியாதவற்றின் பட்டியலை அந்தந்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதமாக அனுப்புங்கள்.

படி 9: மூட நேர்ந்தால்

ஆட்கள் வயதாகி, இளைஞர்கள் வெளியூர் போய், மையம் நின்றுபோவது நடக்கக்கூடியதே. பலகை மட்டும் வருடக்கணக்கில் தொங்க வேண்டாம். முடியாத மனுக்களை மனுதாரர்களிடம் ஒப்புகைச் சீட்டு நகலோடு திருப்பிக் கொடுத்து, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள். மனுதாரர்களின் ஆவண நகல்களைக் கிழித்து அழியுங்கள், எடைக்குப் போடாதீர்கள். மீதிப் பணத்தையும் பொருளையும் உறுப்பினர்கள் பங்கிட முடியாது. துணைவிதியில் எழுதியபடி, அதே நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்குச் சிறப்புத் தீர்மானம் போட்டு மாற்றிவிட்டு, வங்கிக் கணக்கை மூடி, கலைப்பு ஆவணங்களைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். மேசையும் நாற்காலியும் அங்கன்வாடிக்குப் பயன்படும். அதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.